எளிமையில் நிறைவு கண்ட தமிழ்த்தென்றல்

சென்னை மாநகரின் தென்பகுதியில் வாழ்வோர்க்குத் திரு.வி.க. என்பது நாள்தோறும் கண்ணிற்படும் பெயராகும். அடையாற்றின் மீது அமைந்த பெரும்பாலம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இராயப்பேட்டையினின்றும் மயிலாப்பூர் இலஸ் முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்கும், கிண்டித் தொழிற்பேட்டைக்கும் அப்பெயரே சூட்டப்பெற்றுள்ளது. பாலம், சாலை, தொழிற்பேட்டை ஆகிய மூன்றும் விரைவுக்கும் இரைச்சலுக்கும் பெயர் பெற்றவை. அவற்றைக் கடந்து செல்லும் பல்லாயிரவருள், அப்பெயருக்குரியவர் எவ்வாறு வாழ்ந்தார் என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அவர் பொருள் குவித்தவரல்லர், அரசுப் பதவி எதிலும் அமர்ந்தவரல்லர், பட்டம் பெற்றவருமல்லர். ஆயினும் ஆசிரியர், இதழாசிரியர், நூலாசிரியர், தொழிலாளர் தலைவர், மேடைப் பேச்சாளர் எனப் பல துறைகளில் ஓயாது உழைத்தவர். காட்டிற்குச் சென்று கண்மூடி அமர்ந்தோர் அமைதி பெறுதல் வியப்பன்று. அச்சுப்பொறியின் ஓசைக்கும், ஆலைத் தொழிலாளரின் முழக்கத்திற்கும், அரசியல் மேடையின் ஆரவாரத்திற்கும் நடுவில் நின்று ஒருவர் மன அமைதியோடு வாழ்ந்தார் எனின், அவ்வமைதியின் ஊற்றுக்கண் யாது என ஆராய்தல் தகும். அவருடைய வாழ்க்கையை நோக்குமிடத்து, எளிமையே அவ்வூற்றுக்கண் என்பது புலனாகும்.

இளமையும் கல்வியும்

திருவாரூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடியில், விருத்தாசல முதலியார்க்கும் சின்னம்மையார்க்கும் மகனாக, 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் கலியாணசுந்தரனார் தோன்றினார். சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரே அவர் பிறந்த இடம். ஏரியும் வயலும் தோப்பும் சூழ்ந்த சிற்றூர் வாழ்வு இளமையிலேயே அவர் நெஞ்சிற் பதிந்தது. பிற்காலத்தில் அவர் எழுத்தெங்கும் இயற்கை மணம் கமழ்வதற்கு அவ்வூரே வித்திட்டது எனலாம்.

பின்னர்க் குடும்பம் இராயப்பேட்டைக்கு வந்தது. அங்கிருந்த வெஸ்லி பள்ளியில் அவர் பயின்றார். இடையில் கடுநோய் தாக்கிக் கைகால்கள் முடங்கியமையால் கல்வி சில ஆண்டுகள் தடைப்பட்டது. உடல் தேறி மீண்டும் பள்ளி சென்றபோது, யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் நா. கதிரைவேற் பிள்ளை அவர்க்கு ஆசிரியராக வாய்த்தார். அவ்வாசிரியரிடம் கொண்ட பேரன்பே அவரைத் தமிழின்பால் ஈர்த்தது.

1904ஆம் ஆண்டில் ஒரு சோதனை நேர்ந்தது. அருட்பா மருட்பாப் பூசலை ஒட்டிக் கதிரைவேற் பிள்ளை மீது வழக்கொன்று தொடரப்பெற்றது. அவ்வழக்கில் ஆசிரியர் சார்பில் சான்று கூறச் சென்றமையால், மாணவராகிய கலியாணசுந்தரனார் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. அக்காலத்தில் அத்தேர்வு அரசுப் பணிக்கும் உயர்கல்விக்கும் வாயிலாகும். அவ்வாயில் அடைபட்ட பின்னரும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. 1907இல் கதிரைவேற் பிள்ளை மறையவே, மயிலாப்பூர்த் தணிகாசல முதலியாரை நாடித் தமிழ் நூல்களையும் சமய நூல்களையும் ஓதினார். இராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவே அவர்க்குப் பல்கலைக்கழகமாக விளங்கியது. சான்றிதழுக்காகக் கற்பது வேறு, வாழ்வுக்காகக் கற்பது வேறு என்பதை இன்றைய மாணவர் அவர்பாற் காணலாம்.

பணியும் இல்லறமும்

அவர் முதலில் ஸ்பென்சர் நிறுவனத்தில் எழுத்தராக அமர்ந்தார். நாட்டு விடுதலை வேட்கை உள்ளத்திற் கனன்று கொண்டிருந்தமையால் அவ்வேலை நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் ஆயிரம் விளக்கிலிருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். சில ஆண்டுகள் கழித்து, தாம் பயின்ற வெஸ்லி நிலையத்திலேயே தலைமைத் தமிழாசிரியர் பதவி பெற்றார். அது மதிப்பும் ஊதியமும் ஒருங்கே அமைந்த பதவி. எனினும் 1917இல் ‘தேசபக்தன்’ நாளிதழ் தொடங்கப்பெற்றபோது, அவர் அப்பதவியை உதறிவிட்டு அதன் ஆசிரியரானார். அந்நாளில் தேசிய இதழின் ஆசிரியர் என்போர் அரசின் அடக்குமுறைக்கு எந்நேரமும் ஆளாகக்கூடியவர். தேவைகளைச் சுருக்கிக் கொண்டவர்க்கே இத்தகைய துணிவு எளிதில் வாய்க்கும்.

1912ஆம் ஆண்டு அவர் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். அணிகலன்களை விடக் கல்வியை விரும்பிய அவ்வம்மையார் கணவரிடமே தமிழ் கற்றார். கணவர் மனைவிக்கு ஆசிரியராகவும், மனைவி கணவர்க்குத் துணையாகவும் விளங்கிய அவ்வில்லத்தில் செல்வம் இல்லை, நிறைவு இருந்தது. ஆனால் அவ்வாழ்வு ஆறாண்டுகளே நீடித்தது. பிறந்த இரு குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இளமையிலேயே மறைந்தன. என்புருக்கி நோய்க்கு இலக்காகிய அம்மையாரும் 1918ஆம் ஆண்டு செப்டம்பரில் உயிர் நீத்தார். அப்போது திரு.வி.க.வின் அகவை முப்பத்தைந்து.

அவர் மீண்டும் மணம் புரிந்து கொள்ளவில்லை. தமையனார் உலகநாத முதலியாரின் குடும்பத்தோடு ஒன்றி வாழ்ந்தார். மனைவியை இழந்தவர் உலகை வெறுத்துத் துறவு பூணுதல் நம் நாட்டில் வழக்கமே. திரு.வி.க.வோ இல்வாழ்வை ஒருநாளும் இகழ்ந்தாரல்லர். அதற்கு மாறாக, பெண்மையின் உயர்வையும் இல்லறத்தின் மாண்பையும் விளக்கி, 1927இல் ‘பெண்ணின் பெருமை’ என்னும் நூலை யாத்தளித்தார். பெண் கல்வி, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றுக்காக அவர் எழுப்பிய குரலில், ஆறாண்டு இல்லறம் அளித்த பட்டறிவு கலந்திருந்தது. தம் இழப்பைப் பிறர்க்குப் பயன்படும் அறிவாக மாற்றிக் கொண்டமையே அவர் கண்ட ஆறுதல்.

எளிமை வேறு, வறுமை வேறு

மனைவியாரை இழந்த அதே 1918ஆம் ஆண்டில்தான், ஏப்ரல் 27ஆம் நாள், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பெற்ற முதல் தொழிற்சங்கம் என அதனை வரலாற்றாசிரியர் மதிப்பர். அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சார்ந்த பி.பி. வாடியா அதன் தலைவரானார். செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு ஆகியோர் அதற்கு அடிகோலினர். திரு.வி.க. துணைத் தலைவராக நின்று, தொழிலாளர்க்குத் தமிழில் உரிமையுணர்வை ஊட்டினார்.

அச்சங்கம் முதற்கண் கேட்டது யாது என்பதை ஈண்டு ஊன்றி நோக்க வேண்டும். பெரம்பூர்ப் பகுதியிலிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்க்கு நண்பகல் உணவுக்குக் கிடைத்த இடைவேளை அரைமணி நேரமே. ஆலையை விட்டு வெளிவந்து, கைகழுவி, கொண்டுவந்த சோற்றை உண்டு, மீண்டும் வாயிலுக்குள் நுழைவதற்குள் நேரம் முடிந்துவிடும். நின்றவாறே விழுங்கிவிட்டு ஓடியவர் பலர். ஆகவே, அமர்ந்து உண்பதற்குரிய நேரம் வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய முதல் வேண்டுகைகளுள் ஒன்றாயிற்று. அமைதியாக ஒருவேளை உண்பதும் போராடிப் பெற வேண்டிய உரிமையாக அன்று இருந்தது. போராடியதன் பயனாக, இடைவேளை சில நிமிடங்களேனும் நீண்டது.

திரு.வி.க.வின் எளிமைக் கொள்கையைப் பிழைபடப் புரிந்து கொள்ளாதிருக்க இந்நிகழ்ச்சி துணை செய்யும். எளிமையாக வாழ்ந்த அவர், ஆலைத் தொழிலாளரை நோக்கி, உள்ளதைக் கொண்டு மனநிறைவு கொள்ளுங்கள் என ஒருநாளும் அறிவுறுத்தவில்லை. அவர்கட்குக் கூலி உயர்வு வேண்டும், ஓய்வு வேண்டும், மதிப்பு வேண்டும் என்றே வாதாடினார். எளிமை என்பது ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்வது. வறுமை என்பது பிறரால் சுமத்தப்படுவது. முன்னது மனிதனை உயர்த்தும். பின்னது மனிதனை நசுக்கும். வயிறு நிறைந்தவர் பசித்தவர்க்கு எளிமை போதிப்பது அறமாகாது. தம் தேவையைக் குறைத்துக் கொண்டு பிறர் தேவைக்காகப் போராடுவதே அறமாகும். இவ்வேறுபாட்டைத் தம் வாழ்க்கையாலேயே விளக்கிக் காட்டியவர் அவர்.

1921ஆம் ஆண்டு அவ்வாலைகளில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தொழிலாளரிடையே பிளவும் பகையும் மூண்டன. பல குடும்பங்கள் அல்லலுற்றன. திரு.வி.க.வை நாடுகடத்த நேரிடும் என ஆளுநர் வெலிங்டன் பிரபு எச்சரித்தார். அவரோ தம் பணியினின்றும் பின்வாங்கவில்லை. பறிப்பதற்கு மாளிகையோ பதவியோ பட்டமோ இல்லாதவரை எதைக் காட்டி அச்சுறுத்துவது? எளிமை அவர்க்கு அமைதியை மட்டும் அளிக்கவில்லை; அஞ்சாமையையும் அளித்தது.

எழுத்தில் மலர்ந்த எளிமை

தேசபக்தனில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் பணியாற்றிய பின்னர், 1920இல் திரு.வி.க. ‘நவசக்தி’ வார இதழைத் தொடங்கினார். இராயப்பேட்டையில் அவர் நடத்திய அச்சகத்தின் பெயர் சாது அச்சுக்கூடம் என்பது. அப்பெயரே அவர் உள்ளத்தைக் காட்டவல்லது. பின்னாளில் புகழ்பெற்ற கல்கி, இளைஞராக வந்து எழுத்துப்பயிற்சி பெற்றது நவசக்தியில்தான்.

அந்நாளைய தமிழ் உரைநடை இருவகைப்பட்டுக் கிடந்தது. ஒருபுறம் புலவர்க்கு மட்டுமே விளங்கும் கடுநடை; மற்றொருபுறம் வடமொழியும் ஆங்கிலமும் வரைவின்றிக் கலந்த கலப்புநடை. திரு.வி.க. இவ்விரண்டையும் விலக்கி, சிறுசிறு தொடர்களால் இயன்ற, தூய்மையும் தெளிவும் வாய்ந்த நடையொன்றை உருவாக்கினார். வினா எழுப்பி விடை கூறுதலும், ஒரு சொல்லையே தொடராக நிறுத்துதலும் அவர்க்குக் கைவந்த கலை. அரசியலையும் தொழிலாளர் சிக்கலையும் ஆங்கிலத்தில் மட்டுமே பேச இயலும் என்றிருந்த காலத்தில், அவற்றை ஆலைத் தொழிலாளியும் அறியுமாறு இனிய தமிழில் பேசிக் காட்டினார். தமிழ்த்தென்றல் என மக்கள் அவரை அழைத்தது வெற்றுப் புகழ்ச்சியன்று. தென்றல் மாளிகையென்றும் குடிசையென்றும் பாராது வீசுவது; அவர் தமிழும் அத்தகையதே.

வாழ்க்கையில் தேவையற்ற பொருள்களை நீக்கியவர், எழுத்தில் தேவையற்ற சொற்களை நீக்கினார். மிகுதியைக் களைந்தால் உள்ளது ஒளிவிடும் என்னும் உண்மையை இரண்டிடத்தும் கடைப்பிடித்தார். எனவே, அவருடைய உரைநடையைப் பயில்வோர் அவர் வாழ்க்கை முறையையும் உடன் பயில்கின்றனர் எனின் மிகையாகாது.

அரசியலில் அவர் எடுத்த முடிவுகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டாரல்லர். 1925இல் காஞ்சிபுரத்தில் அவர் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமையால் தந்தை பெரியார் வெளியேறியது வரலாறு அறிந்த செய்தி. கருத்துப் போர்கள் பல நிகழ்ந்தன. எனினும் மாற்றுக் கருத்தினரைப் பகைவராக எண்ணும் வழக்கம் அவரிடம் இல்லை. தன்னலம் கலவாத கருத்து வேறுபாடு நெஞ்சில் நஞ்சாக மாறுவதில்லை.

விலையில்லாச் செல்வம்

கதர் ஆடை, சைவ உணவு, நூல்கள், நண்பர்கள் என்னும் அளவில் அவர் உலகியல் தேவைகள் அடங்கின. ஆயினும் அவர் இன்பத்தை வெறுத்தவரல்லர். ஞாயிற்றின் தோற்றம், கடலின் விரிவு, மலையின் பசுமை, மலரின் மணம், குழந்தையின் சிரிப்பு ஆகியவற்றில் திளைத்தவர். 1925இல் வெளிவந்த ‘முருகன் அல்லது அழகு’ என்னும் நூலில், இயற்கை அழகிலேயே இறைமையைக் காணும் நெறியை விரித்துரைத்தார். 1931இல் எழுதிய ‘இமயமலை அல்லது தியானம்’ என்னும் நூலும் அவ்வழியில் அமைந்ததே. உள்ளத்திற்கு உரமூட்டும் உணவு விலைகொடுத்து வாங்கும் பொருள்களில் இல்லை. எல்லார்க்கும் பொதுவாக இறைவன் அளித்த இயற்கையில் உள்ளது என்பது அவர் துணிபு.

காந்தியடிகளின் வாழ்க்கை முறையை மனித வாழ்வுக்கே விளக்கமாகக் கொண்டு, 1921இல் ‘மனித வாழ்க்கையும் காந்தியடிகளும்’ என்னும் பெருநூலைப் படைத்தார். பிற்காலத்தில் பொதுவுடைமைக் கருத்துகளிலும் அவர் மனம் தோய்ந்தது. காந்தியத்தின் தன்னடக்கமும் மார்க்சியத்தின் சமநீதியும் கைகோக்க வேண்டும் என விழைந்தார். தனிமனிதர் எளிமையும் சமுதாய நீதியும் ஒன்றற்கொன்று துணையாக நின்றாலன்றி உலகில் அமைதி நிலவாது என்பதே அவ்விழைவின் உட்பொருள்.

சமயத்துறையிலும் அவர் நெறி எளியதே. சைவக் குடியிற் பிறந்து சைவ நூல்களைத் துறைபோகக் கற்றவராயினும், கடவுள் ஒன்று, மக்கட்குலம் ஒன்று என்னும் சமரச சன்மார்க்கத்தையே தம் நெறியாகக் கொண்டார். ‘பொதுமை வேட்டல்’, ‘கிறிஸ்துவின் அருள் வேட்டல்’, ‘அருகன் அருகே’ முதலான நூற்பெயர்களே அவர் உள்ளத்தின் விரிவைப் புலப்படுத்தும். பல சமய மாணவர் ஒருங்கமர்ந்து தமிழ் பயிலும் வகுப்பறைகட்கு அவர் என்றும் ஏற்ற வழிகாட்டியாவார்.

இருளிலும் குன்றாத ஒளி

முதுமை அவர்க்குக் கடுஞ்சோதனைகளைக் கொண்டு வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி அவர் தம் இல்லத்திலேயே காவலில் வைக்கப்பெற்றார். எந்த விடுதலைக்காகப் பதவியைத் துறந்தாரோ அவ்விடுதலை மலர்ந்த ஆண்டில், தம் அறுபதுகளின் நடுவில், அவர்க்குக் கிடைத்தது இல்லச்சிறை. அப்போதும் தொழிலாளர் பக்கம் நிற்பதை அவர் கைவிடவில்லை.

அதனினும் கொடியது கண்ணொளியை இழந்தமை. எழுத்தையே வாழ்வாகக் கொண்ட ஒருவர்க்குப் பார்வை மறைதல் எத்தகைய இழப்பு என்பதை எழுத்தாளரே நன்குணர்வர். மருத்துவம் பயன் தரவில்லை. பிறர் துணையின்றி ஏட்டைப் புரட்டவும் இயலாத நிலை. அந்நிலையிலும் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1950இல் வெளிவந்த நூலுக்கு ‘இருளில் ஒளி’ எனப் பெயரிட்டார். அடுத்து வந்தவற்றுக்கு ‘முதுமை உளறல்’ என்றும் ‘படுக்கைப் பிதற்றல்’ என்றும் பெயர் சூட்டினார். தம் முதுமையையும் நோயையும் கண்டு தாமே நகைக்கும் நெஞ்சம் எத்துணை அமைதி வாய்ந்ததாக இருத்தல் வேண்டும்! புறக்கண் மூடிய பின்னும் அகக்கண் திறந்திருந்தமைக்கு அப்பெயர்கள் சான்று.

கண்ணால் காணும் பொருள்களில் மட்டும் இன்பத்தைத் தேக்கி வைத்தவர், கண்ணொளி மறைந்தபோது அனைத்தையும் இழப்பர். திரு.வி.க. தம் நிறைவை வாழ்நாள் முழுதும் உள்ளத்தில் சேமித்து வைத்திருந்தார். அச்சேமிப்பே இறுதி ஆண்டுகளில் அவர்க்கு ஊணாகவும் மருந்தாகவும் உதவியது. 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள், தமது எழுபதாம் அகவையில் அவர் மறைந்தார்.

நிறைவாக

அவர் எந்த ஆலைத் தொழிலாளர்க்காக உழைத்தாரோ அவ்வாலைகள் 1990களில் மூடப்பெற்று மறைந்தன. அவர் நடத்திய இதழ்களும் இன்று இல்லை. ஆனால் அமர்ந்து உண்ண நேரம் கேட்ட அத்தொழிலாளரின் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. தியாகராய நகர்க் கடைவீதியில் காலை முதல் இரவு வரை நின்று பணிபுரியும் விற்பனைப் பெண்டிர், இருக்கையில் அமரும் உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் வாயிலாகப் பெற்றது 2021ஆம் ஆண்டில்தான். திரு.வி.க. இன்றிருப்பின் யார் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மாணவச் செல்வங்கள் அவர் வாழ்விலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றல் வேண்டும். ஒன்று, தம்மளவில் தேவையைக் குறைத்தல். பெருநாள் வரினும் திருமணம் வரினும் கடன்பட்டேனும் பகட்டுக் காட்ட வேண்டும் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றி வருகிறது. அப்பகட்டு நம் பெற்றோரின் உறக்கத்தைப் பறிக்கிறது. மற்றொன்று, பிறர் தேவையைப் பெரிதாக மதித்தல். முதற்பாடத்தைக் கற்று இரண்டாவதை விடுத்தவர் தம் அமைதியை மட்டும் நாடும் தன்னலத்தவராவர். இரண்டாவதைப் பேசி முதலாவதை விடுத்தவர் சொல் ஊரில் எடுபடாது. இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவர் திரு.வி.க.

அவருடைய நூல்கள் இன்று நாட்டுடைமையாகி, எவரும் எளிதிற் பெற்றுப் பயிலத்தக்க நிலையில் உள்ளன. கல்லூரி நூலகத்தின் அடுக்குகளில் அவை காத்திருக்கின்றன. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் பயில்வோர்க்கும் நல்ல தமிழ் கைவரும். அதனோடு நல்ல வாழ்வும் கைவரும். அவர் பெயர் தாங்கிய பாலத்தை ஆயிரமுறை கடப்பதினும், அவர் நூலொன்றை ஒருமுறை கடப்பது நம்மை நெடுந்தொலைவு கொண்டு சேர்க்கும்.